ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் நிற்கவில்லையா? மேலே வழிகிறதா, கீழே கசிகிறதா என்று முதலில் பாருங்கள்

வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்கிலிருந்து தண்ணீர் வீணாகக் கோப்பைக்குள் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, டேங்க் நிரம்பிய பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்து மேலே வழிவது. இன்னொன்று, அடியில் இருக்கும் சீல் சரியாக மூடாமல் கீழே கசிவது. பிளம்பரைக் கூப்பிட்டாலும் சரி, நாமே கை வைத்தாலும் சரி, இந்த இரண்டில் எது என்று தெரியாமல் ஆரம்பித்தால் நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கெட்டதை அப்படியே விட்டுவிடுவோம். “முழு செட்டையும் மாத்திடலாம் சார்” என்ற பேச்சு வருவதும் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான். பல நூறு ரூபாய் செட்டில் உண்மையாகவே தேய்ந்திருப்பது சில பத்து ரூபாய் ரப்பர் வளையமாக இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கத் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பென்சில், அரை மணி நேரப் பொறுமை, இவ்வளவுதான்.

எவ்வளவு தண்ணீர் போகிறது?

குழாய் சொட்டினால் அடியில் வாளி வைக்கிறோம், நாலு நாளில் யாரையாவது கூப்பிட்டுச் சரிசெய்கிறோம். டேங்க் கசிவுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை, ஏனென்றால் அது கண்ணில் படுவதில்லை. கோப்பையின் பின்சுவரை ஒட்டி மெல்லிய ஏடாக, சத்தமே இல்லாமல் இறங்கிப் போகிறது.

5 நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் பெரிய ஒழுக்காகவே தெரியாது. ஆனால் ஒரு மணி நேரத்தில் 12 லிட்டர், ஒரு நாளில் 288 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற கணக்கில்தான் இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களைப் போடுகிறார்கள். அதாவது இந்தக் கசிவு இரண்டு பேருடைய முழு நாள் தண்ணீரைத் தின்றுவிடுகிறது. மொட்டைமாடியில் 1000 லிட்டர் தொட்டி இருந்தால், வேறு எதற்கும் ஒரு சொட்டு எடுக்காமலே மூன்றரை நாளில் காலியாகும். மோட்டார் முன்பைவிட அடிக்கடி ஓடுகிறதே என்று தோன்றினால், குழாய்களைச் சந்தேகப்படுவதற்கு முன் கழிவறையைப் பாருங்கள்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவந்து சென்னைக்கு ஊற்றினார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த அதே தெருக்களில் எத்தனை டேங்குகள் இப்படிக் கசிந்துகொண்டிருந்திருக்கும் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. குடிக்கிற தண்ணீரும் கழிவறைத் தண்ணீரும் நம் வீடுகள் பலவற்றில் ஒரே மாடித்தொட்டியிலிருந்துதான் வருகின்றன.

டேங்குக்குள் என்ன இருக்கிறது?

மூடியைத் திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் சமாச்சாரங்கள் ஏகப்பட்டது இருப்பதுபோல் பயமுறுத்தும். உண்மையில் இரண்டே பாகம்தான்.

ஓரமாக நிற்பது தண்ணீரை உள்ளே விடும் வால்வு. சுவரில் இருக்கும் ஆங்கிள் காக்கிலிருந்து, அதாவது டேங்குக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் சின்னத் திருகு குழாயிலிருந்து, வளையும் கனெக்‌ஷன் பைப் இதில்தான் வந்து சேரும். இதோடு ஒரு மிதவை இருக்கும். பழைய டேங்குகளில் நீளமான கம்பியின் நுனியில் பந்து மாதிரி இருக்கும். புதியவற்றில் வால்வின் மேலேயே சின்னக் கிண்ணம் போல ஏறி இறங்கும். தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறி, குறிப்பிட்ட உயரத்தில் வால்வை மூடிவிடும்.

நடுவில் நிற்பது தண்ணீரை வெளியே விடும் ஃப்ளஷ் வால்வு. இதன் அடியில் ஒரு ரப்பர் அல்லது சிலிகோன் வளையம், அதுதான் சீல். அது டேங்கின் அடியில் உள்ள வட்ட வாயின்மேல் உட்கார்ந்திருக்கும். பட்டனை அழுத்தினால் வால்வு மேலே எழும்பும், தண்ணீர் மொத்தமாகக் கோப்பைக்குள் கொட்டும். காலியானதும் வால்வு திரும்ப உட்காரும்.

இந்த நடு வால்வுக்குள்ளேயே மேலே வாய் திறந்த ஒரு குழாய் இருக்கிறது. அதுதான் ஓவர்ஃப்ளோ. உள்ளே வரும் தண்ணீர் நிற்காவிட்டால் டேங்க் நிரம்பித் தரையில் கொட்டாமல் இந்தக் குழாய் வழியாகக் கோப்பைக்குள் இறங்கும். நல்ல ஏற்பாடுதான், வீடு நனையாமல் காப்பாற்றுகிறது. ஆனால் கெட்டுப்போன வால்வை மாதக்கணக்கில் நம் கண்ணில் படாமல் மறைத்தும் வைக்கிறது.

பென்சில் சோதனை

முதலில் மூடியைக் கழற்ற வேண்டும். மேலே பட்டன் உள்ள டேங்க் என்றால் பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகினால் பெரும்பாலும் கழன்றுவிடும். அப்புறம் மூடியை நேராக மேலே தூக்குங்கள். பீங்கான் மூடி என்றால் தரையில் துண்டை விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்து வழுக்கி உடைந்தால் அந்த மூடி தனியாகக் கடையில் கிடைப்பது கஷ்டம்.

டேங்க் நிரம்பும்வரை பொறுத்திருந்து, உள்சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஆங்கிள் காக்கை வலப்பக்கமாகத் திருகி முழுக்க மூடுங்கள். அரை மணி நேரம் யாரும் பட்டனைத் தொடக்கூடாது.

திரும்பி வந்து பார்க்கும்போது மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், தண்ணீர் அடியில் போகிறது. சீலைப் பார்க்க வேண்டும். மட்டம் அசையாமல் கோட்டிலேயே நின்றால் அடி நன்றாக இருக்கிறது, குற்றம் உள்ளே விடும் வால்வில். அதை உறுதிசெய்ய ஆங்கிள் காக்கைத் திறந்துவிட்டுப் பாருங்கள். மட்டம் மெதுவாக ஏறி ஓவர்ஃப்ளோ குழாயின் விளிம்பைத் தொட்டு உள்ளே இறங்கும். குழாயின் உள்பக்கம் விரலை வைத்தால் தண்ணீர் வழிவது தெரியும்.

மூன்றாவதாக ஒன்றும் நடக்கலாம். மட்டம் கொஞ்சம் இறங்கி, பாதியில் ஓரிடத்தில் நின்றுவிடும். அரை நாள் கழித்துப் பார்த்தாலும் அங்கேயே நிற்கும். அப்படியானால் சீல் நன்றாக இருக்கிறது. மட்டம் நின்ற அந்த உயரத்தில் ஓவர்ஃப்ளோ குழாயில் விரிசலோ, தளர்ந்த இணைப்போ இருக்கிறது.

கசிவின் அளவும் இந்தக் கோட்டிலேயே கிடைத்துவிடும். டேங்கின் உள்நீளம் 35 செ.மீ., அகலம் 15 செ.மீ. என்றால் மட்டம் ஒரு செ.மீ. இறங்குவது ஏறக்குறைய அரை லிட்டர். அரை மணியில் 2 செ.மீ. இறங்கினால் ஒரு நாளைக்குச் சுமார் 50 லிட்டர் போகிறது.

கேசரி பவுடர் போடும் சோதனையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். டேங்கில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் கழித்துக் கோப்பையைப் பார்த்தால், கசிவு இருக்கும் பட்சத்தில் அங்கேயும் நிறம் ஏறியிருக்கும். மூடியைத் தூக்க முடியும் என்றால் இதைச் செய்யலாம். ஆனால் தண்ணீர் மேலே வழிந்தாலும் நிறம் இறங்கும், கீழே கசிந்தாலும் இறங்கும். கசிவு இருக்கிறதா என்பதை மட்டும்தான் இது சொல்லும், எங்கே என்பதைச் சொல்லாது. எனக்குப் பென்சில் கோடுதான் பிடிக்கும்.

எதையும் திறக்காமலே சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னொரு வழி உண்டு. கோப்பையின் பின்சுவரைத் துணியால் நன்றாகத் துடைத்து, செய்தித்தாள் துண்டு ஒன்றை அங்கே ஒட்டினாற்போல் வையுங்கள். சில நிமிடத்தில் மேலிருந்து ஈரக் கோடு இறங்கினால் கசிவுதான். போர் தண்ணீர் வீடுகளில் அதற்கும் அவசியம் இருக்காது. நாள்பட்ட கசிவு பின்சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டையைப் போட்டுவைத்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் ஒரு வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வரும் கறையைப் பார்த்தால், தேய்ப்பதை விட்டுவிட்டு டேங்கைத் திறந்து பாருங்கள்.

கீழே கசிந்தால்

ராத்திரி யாரும் போகாத கழிவறையில் திடீரென்று டேங்க் நிரம்பும் சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்தில் அடங்கி, அரை மணி கழித்துத் திரும்பக் கேட்டால், அது இந்த வகை. அடியில் மெதுவாகக் கசிந்து மட்டம் இறங்குகிறது. கொஞ்சம் இறங்கியதும் மிதவையும் இறங்கி வால்வைத் திறக்கிறது. நிரம்பியதும் மூடிக்கொள்கிறது. உள்ளே விடும் வால்வு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. சத்தம் வரும் இடத்தை வைத்து அதை மாற்றினால் ஒன்றும் சரியாகாது.

அந்தச் சீலை மூடி வைத்திருப்பது எது என்று யோசித்திருக்கிறீர்களா? வால்வின் சொந்த எடை கொஞ்சம்தான். பெரும்பகுதி, மேலே நிற்கும் தண்ணீரின் பாரம். வட்ட வாய் 5 செ.மீ. அகலம், தண்ணீர் 20 செ.மீ. உயரம் என்றால், சீலை அழுத்தும் பாரம் சுமார் 400 கிராம். அவ்வளவுதான். ஒரே ஒரு மணல் துகளோ, சுண்ணாம்புப் பொருக்கோ சீலுக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், அதை நசுக்கி மூடுகிற வலு அந்த 400 கிராமுக்குக் கிடையாது. கசிவு பெரும்பாலும் உடைசலால் வருவதில்லை, அழுக்கால் வருகிறது. அதனால்தான் எதையும் வாங்குவதற்கு முன் கழுவிப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆங்கிள் காக்கை மூடுங்கள். ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலியாக்குங்கள். நடுவில் நிற்கும் ஃப்ளஷ் வால்வை இரு கையாலும் பிடித்து இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால், நம் ஊரில் கிடைக்கும் பல மாடல்களில் மேல்பாகம் அப்படியே கையோடு வந்துவிடும். சிலவற்றில் பக்கவாட்டில் இருக்கும் கிளிப்பை அமுக்க வேண்டும். எப்படி இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுவது நல்லது. வராவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள், எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பிளாஸ்டிக் சட்டென்று முறியும்.

வால்வைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் அந்த வளையம் இருக்கும். விரல் நுனியால் முழு வட்டத்தையும் ஒருமுறை மெதுவாகத் தடவிப் பாருங்கள். நல்ல சீல் வழவழவென்று, அமுக்கினால் அமுங்கி மீளும். கெட்டது மூன்று விதமாகத் தெரியும். விறைத்துப்போய் வளைந்து கொடுக்காது, அல்லது கறுப்பு மை மாதிரி கையில் ஒட்டிக்கொள்ளும், அல்லது வாயின் விளிம்பு அழுந்தி அழுந்தி ஒரு பள்ளக் கோடு விழுந்திருக்கும். கறுப்பு ஒட்டினால் ரப்பர் கரைய ஆரம்பித்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். பள்ளம் மட்டும்தான் என்றால், வளையத்தைக் கழற்றி மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டால் கொஞ்ச காலம் ஓடும். ஆனால் இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும் வளையத்துக்குத்தான் இது பொருந்தும்.

அடுத்து டேங்குக்குள் கையை விட்டு, சீல் உட்காரும் வட்ட வாயின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. புது சீல் போட்டும் ஒரு வாரத்தில் திரும்பக் கசிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான். உப்புத் தண்ணீர் வீடுகளில் விளிம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு ஏறி, மணல் தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்டினால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவு. வெந்நீரில் வினிகரோ, சமையலுக்கு விற்கும் சிட்ரிக் ஆசிட் தூளோ கலந்து, துணியை நனைத்து விளிம்பின்மேல் சுற்றிப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். சுண்ணாம்பு இளகிவிடும். பாத்திரம் தேய்க்கும் மெத்தென்ற ஸ்பாஞ்சால் தேய்த்தால் போதும். வளையத்தில் படிந்ததையும் இதே கரைசலில் ஊறவைத்துக் கழுவலாம்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டை டேங்குக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது ரப்பரையும் உலோகத் திருகுகளையும் அரிக்கும். அதைவிட முக்கியம், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. டேங்குக்குள் போட்டுவைக்கும் குளோரின் மாத்திரைகளும் வேண்டாம். கோப்பை பளபளப்பாக இருக்கும், ஆனால் அந்தத் தண்ணீரிலேயே நாள் முழுக்க ஊறும் சீல் சீக்கிரம் விறைத்துவிடும்.

சீலை மாற்றுவது என்று முடிவானால், பழையதைக் கையோடு ஹார்டுவேர்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் அளவு மாறும். “ஃப்ளஷ் டேங்க் வாஷர் கொடுங்க” என்று வெறுங்கையோடு போய்க் கேட்டால், பக்கத்து அளவு ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றாலும் மூடாது. டேங்கின் பிராண்டு பெயர் தெரிந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும், இதற்குக் காசே ஆகாது. பட்டனிலிருந்து கீழே இறங்கும் குச்சிகள் தேவைக்கு மேல் நீளமாக வைக்கப்பட்டிருந்தால், மூடியைப் போட்டதும் அவை வால்வை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். மூடியைக் கழற்றினால் கசிவு நிற்கிறது, போட்டால் திரும்ப வருகிறது என்றால் அதுதான். குச்சியை ஓரிரு சுற்று திருகிக் குட்டையாக்கினால் தீர்ந்தது. சங்கிலி உள்ள டேங்க் என்றால், சங்கிலி விறைப்பாக இல்லாமல் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை தரும் சீல் இல்லாமலே ஒரு டேங்க் செய்ய முடியாதா என்றால், செய்தார்கள். பிரிட்டனில் ஃப்ளஷ் டேங்குக்குப் பழைய பெயரே “தண்ணீர் வீணாவதைத் தடுக்கும் சாதனம்” என்பதுதான். அங்கே நீண்ட காலம் சைஃபன் முறை டேங்குகளைத்தான் விதிகள் அனுமதித்தன. அதில் தண்ணீருக்கு அடியில் திறந்து மூடும் வாயே கிடையாது. கைப்பிடியை அழுத்தினால் தண்ணீர் ஒரு வளைவுக்கு மேலே ஏறி மறுபக்கம் விழும், அப்புறம் மிச்சத் தண்ணீரையும் அதுவே இழுத்துக்கொண்டு போகும். மேலே ஏறாமல் கீழே இறங்க வழியில்லை என்பதால் கசிவுக்கு இடமில்லை. வழிந்தாலும் ஓவர்ஃப்ளோ குழாய் வீட்டுச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தெருவில் போகிறவர் கண்ணிலேயே படும். நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் தலைக்கு மேல் சங்கிலியோடு தொங்கும் இரும்புத் தொட்டிகளும் பெரும்பாலும் இந்த முறைதான். 2001லிருந்து பிரிட்டனும் சீல் வைத்த வால்வுகளை அனுமதித்துவிட்டது. ஒரு பட்டனில் பாதி, இன்னொரு பட்டனில் முழுசு என்று தண்ணீர் விடும் இரட்டை ஃப்ளஷ் 1980இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. இன்று நம் வீடுகளில் இருப்பது அதன் வழி வந்த வால்வுதான். ஒவ்வொரு முறையும் அது தண்ணீரை மிச்சப்படுத்துகிறது, உண்மை. ஆனால் சீல் கெட்டுப்போய் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால், அந்த மிச்சம் அத்தனையும் போய்விடும்.

மேலே வழிந்தால்

இங்கே கேட்பது விட்டுவிட்டு வரும் சத்தமில்லை. ஸ்ஸ்ஸ் என்று ஓயாத மெல்லிய சீறல்.

முதலில் மிதவையைக் கையால் மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கியதும் தண்ணீர் நின்றால் வால்வு நன்றாகத்தான் இருக்கிறது, மிதவை வைத்திருக்கும் உயரம்தான் தப்பு. அதன் பக்கத்தில் இருக்கும் திருகைத் திருகியோ, கிளிப்பை நகர்த்தியோ மிதவையைக் கீழே இறக்குங்கள். ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு இரண்டு, இரண்டரை செ.மீ. கீழே தண்ணீர் நிற்கும்படி வைத்தால் சரி. பந்து மிதவை என்றால் அதைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் பந்தில் ஓட்டை விழுந்து கனத்துப் போயிருக்கிறது, மாற்ற வேண்டும். மிதவை டேங்க் சுவரில் உரசி மாட்டிக்கொள்வதும் உண்டு. கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும்.

மிதவையை முழுக்கத் தூக்கியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் கோளாறு வால்வுக்குள் இருக்கிறது. இப்போது வரும் வால்வுகள் பலவற்றில் உள்ளே டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகடு ஒன்று இருக்கிறது. இதன் வேலையைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். அந்த வால்வை மூடுவது மிதவையின் பலம் இல்லை, குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தமேதான். தகட்டில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் தகட்டின் முதுகுப் பக்கம் போய்ச் சேரும். மிதவை மேலே வந்ததும் முதுகுப் பக்கத் தண்ணீர் வெளியேறும் சின்ன வழியை அடைக்கும். வெளியேற வழியில்லாமல் அங்கே அழுத்தம் ஏறும். முதுகுப் பக்கப் பரப்பு பெரிது என்பதால் தகடு முன்னால் தள்ளப்பட்டு வாயை மூடும்.

இப்போது அந்த ஊசித் துளையில் ஒரு மணல் துகள் அடைத்துக்கொண்டால்? முதுகுப் பக்கம் தண்ணீர் சேராது, அழுத்தம் ஏறாது, மிதவை எவ்வளவு உயர்ந்தாலும் வால்வு மூடாது. மாடித்தொட்டியைக் கழுவிய மறுநாள், அல்லது லாரித் தண்ணீர் ஏற்றிய மறுநாள் டாய்லெட் ஓட ஆரம்பிப்பது இதனால்தான். அடியில் தங்கியிருந்த மண் கலங்கிக் குழாயில் இறங்கிவிடுகிறது.

சரிசெய்வது சுலபம். ஆங்கிள் காக்கை மூடுங்கள். வால்வின் தலைப்பகுதியைக் கொஞ்சம் திருப்பினால் கழன்று வரும், தகடு கையில் கிடைக்கும். கழுவி, துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் தண்ணீரைப் பீய்ச்சியோ, பிரஷ் முடியாலோ எடுங்கள். ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். தகட்டைத் திரும்பப் போடுவதற்கு முன், திறந்திருக்கும் வால்வின்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் காக்கை இரண்டு விநாடி திறந்து மூடினால், குழாயில் மிச்சமிருக்கும் மண்ணும் வெளியே வந்துவிடும். டம்ளர் இல்லாமல் திறந்தால் கூரைவரை பீய்ச்சியடிக்கும். கனெக்‌ஷன் பைப் வந்து சேரும் இடத்தில் சின்ன வலைச் சல்லடை ஒன்று பெரும்பாலும் இருக்கும், அதையும் எடுத்துக் கழுவுங்கள்.

அழுத்தத்தை நம்பி மூடும் வால்வு என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. 10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுப்பதுதான் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். மாடித்தொட்டிக்கு நேர் கீழே மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மீட்டர்தான். இந்தக் குறைந்த அழுத்தத்தில் சில டயாஃப்ரம் வால்வுகள் இறுக மூடாது. புது வால்வு போட்டும் மேல்மாடியில் சீறல் நிற்கவில்லை என்றால், குறைந்த அழுத்தத்துக்கு ஏற்ற வால்வு என்று கேட்டு வாங்குங்கள். பழைய பந்து மிதவை வால்வில் பிரச்சினை நேர் எதிர். அங்கே பந்தின் பலம்தான் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிறது. பிரஷர் பம்ப் மாட்டிய வீட்டில் அழுத்தம் கூடும்போது பந்து தோற்றுப்போகும்.

வால்வையே மாற்ற வேண்டி வந்தாலும் பெரிய வேலையில்லை. டேங்குக்கு வெளியே அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நட்டைக் கழற்றினால் வந்துவிடும். புதிதைப் போடும்போது கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். ஸ்பேனரால் முறுக்கினால் நட்டு வெடிக்கும், அல்லது பீங்கானில் விரிசல் விழும். கனெக்‌ஷன் பைப்பின் முனையில் ரப்பர் வாஷர் இருந்தால் அங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை, தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான். சுவரில் ஆங்கிள் காக் ஏறும் மரையில்தான் டேப் வேண்டும்.

சரியானதை உறுதிசெய்வது, முடியாதபோது செய்வது

எது செய்து முடித்தாலும் பென்சில் கோட்டைத் திரும்பப் போடுங்கள். இந்த முறை ராத்திரி ஆங்கிள் காக்கை மூடிவிட்டுப் படுத்து, காலையில் யாரும் போவதற்கு முன் பாருங்கள். கோடும் தண்ணீரும் ஒட்டி நின்றால் அடி சரி. பிறகு காக்கைத் திறந்து, மட்டம் ஓவர்ஃப்ளோவுக்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மேலேயும் சரி.

இதையெல்லாம் இன்றைக்கே செய்ய நேரமில்லை என்றால், ஆங்கிள் காக்கை மட்டும் மூடிவைத்துவிடுங்கள். நம் கழிவறைகளில் வாளியும் மக்கும் எப்படியும் இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரை ஓங்கி ஊற்றினால் கோப்பை சுத்தமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைவரை அப்படி ஓட்டலாம், தண்ணீர் போகாது.

சில இடங்களில் நாம் கை வைக்காமல் இருப்பது நல்லது. வருஷக்கணக்கில் திருகாத ஆங்கிள் காக் அசைய மறுத்தால் விட்டுவிடுங்கள். அது சுவருக்குள் முறிந்தால் வீடு முழுக்கத் தண்ணீர். அந்த மாதிரி வீட்டில் மாடித்தொட்டியின் கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டுதான் எதையும் தொட வேண்டும். டேங்க் பீங்கானில் விரிசல் இருந்தாலும், டேங்குக்கும் கோப்பைக்கும் நடுவிலிருந்து தரையில் தண்ணீர் வந்தாலும் பிளம்பர்தான். சுவருக்குள் மறைத்து வைத்த டேங்கிலும் இதே இரண்டு வால்வுகள்தான். பட்டன் தகட்டைக் கழற்றினால் தெரியும் அந்தச் சின்ன சன்னல் வழியாகவே எல்லாவற்றையும் வெளியே எடுக்க முடியும், சுவரை உடைக்க வேண்டியதில்லை. யாராவது உடைக்க வேண்டும் என்று சொன்னால், வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

பிளம்பர் வரும்போதும் “தண்ணி நிக்கலை, பாருங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். “காக்கை மூடி வச்சுப் பார்த்தேன், அரை மணியில ரெண்டு சென்டிமீட்டர் இறங்குது, அடி சீலைப் பாருங்கண்ணே” என்று சொல்லுங்கள். அவர் நேராக அந்த வளையத்தைத்தான் கழற்றுவார்.